மகளுக்கு விடியற்காலைத் தும்மல், கணவருக்கு இரவெல்லாம் மூக்கடைப்பு: இருவருக்கும் ஒரே வைத்தியமா?

கேட்டவர்: தென்பெண்ணைக்கரை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடலூரில் தென்பெண்ணை ஆற்றுக்கு அருகில் குடியிருக்கிறோம். வீட்டில் இருவருக்கு மூக்குத் தொந்தரவு இருக்கிறது. இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்பது விளங்காமல், மருந்துக்கடையில் கொடுத்த ஒரே மாத்திரையை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மகளுக்கு 11 வயது. காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்முவாள். தண்ணீர் போல மூக்கு ஒழுகும். மூக்கு, கண், மேலண்ணம் மூன்றும் அரிக்கிறது என்பாள். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் மேல் குறுக்கே ஒரு மெல்லிய கோடே விழுந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருக்கிறது. இரவில் வாயைத் திறந்துகொண்டுதான் உறங்குகிறாள். விடுமுறையில் விருத்தாசலத்தில் என் தாயார் வீட்டுக்குச் சென்று கோரைப் பாயில் படுக்கும்போது தும்மல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இங்கே திரும்பியதும் மறுபடி தொடங்கிவிடுகிறது. 2024 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் நின்றதிலிருந்து படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதி ஓதம் காயாமல் பூசணம் பூத்தபடியே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணவருக்கு 43 வயது. தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அவருக்குத் தும்மலோ அரிப்போ அவ்வளவாக இல்லை, மூக்கடைப்புதான். தலையணைக்கு அடியில் எப்போதும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து இருக்கும். தொடக்கத்தில் படுக்கும்போது ஒரு முறை விட்டால் விடியும்வரை தாங்கும். இப்போது நடு இரவில் இரண்டு முறை எழுந்து விட்டுக்கொண்டால்தான் மூச்சு வருகிறது. குறட்டையும் அதிகம்.

உறவினர்கள் "இது சைனஸ், ஸ்கேன் எடுங்கள்" என்கிறார்கள். மாமியார் மூக்கில் எண்ணெய் விடச் சொல்கிறார், நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்கிறார். மகளுக்கு ஒரு மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். அது ஸ்டீராய்டு என்று கேள்விப்பட்டதாலும், சில நாட்கள் அடித்தும் பலன் தெரியாததாலும் நிறுத்திவிட்டோம். அந்த ஸ்பிரேயை அச்சமின்றிப் பயன்படுத்தலாமா? அதையே கணவருக்கும் கொடுக்கலாமா? ஒவ்வாமைப் பரிசோதனை அவசியமா?

பதில் 1: காது மூக்கு தொண்டை மருத்துவர், புதுச்சேரி

அம்மா, நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் விவரங்கள் மிகவும் பயன்படுபவை. உங்கள் மகளுக்கு இருப்பது பெரும்பாலும் ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி. உங்கள் கணவருக்கு இருப்பதில் பெரும்பங்கு அந்தச் சொட்டு மருந்தே உண்டாக்கிய மூக்கழற்சி. ஒரே வீட்டில் இருந்தாலும் இவை வேறு வேறு. எனவே ஒரே மாத்திரை இருவருக்கும் பொருந்தாது.

முதலில் மகளைப் பற்றிச் சொல்கிறேன். மூக்கின் உட்புறத்தில் இரு பக்கமும் டர்பினேட் எனப்படும் சதைப்பற்றான மடிப்புகள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்துவைப்பது அவற்றின் வேலை; அதற்காகவே அவற்றில் இரத்த நாளங்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வாமை உள்ளவர்களின் உடல், தூசிப் பூச்சியின் கழிவு போன்ற தீங்கற்ற ஒரு புரதத்தைப் பகையாக எண்ணி, அதற்கெதிராக இம்யூனோகுளோபுலின்-இ என்ற எதிர்ப்புரதத்தை உருவாக்கி வைத்திருக்கும். அந்த எதிர்ப்புரதம் மூக்குச் சவ்வில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூசி மறுபடி உள்ளே வந்த சில நிமிடங்களில் அந்தச் செல்கள் வெடித்து ஹிஸ்டமினை வெளியிடும். தும்மல், அரிப்பு, நீர் ஒழுகல் மூன்றும் அப்போது வருபவை. அதோடு முடிவதில்லை. அடுத்த சில மணி நேரத்தில் ஈசினோபில் முதலிய இரத்த வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, சவ்வை வீங்க வைத்து, அடைப்பை நீடிக்கச் செய்கின்றன. ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும் மாத்திரை தும்மலை நிறுத்தினாலும் அடைப்பைப் பெரிதாகக் குறைக்காததற்குக் காரணம் இந்த இரண்டாம் கட்டம்தான். அதைத் தணிப்பதில் மாத்திரையை விட ஸ்டீராய்டு ஸ்பிரேயே வலிமையானது. மூக்கின் மேல் விழுந்திருக்கும் கோடும், கண்ணுக்குக் கீழே உள்ள கருமையும், வாய்வழி உறக்கமும் நெடுநாள் ஒவ்வாமையின் அடையாளங்கள் என்பதால், இதைப் பருவத்துச் சளி என்று தள்ளிவிட வேண்டாம்.

தொல்லை வாரத்தில் 4 நாட்களுக்குக் குறையாமல், தொடர்ந்து 4 வாரங்களுக்கு மேல் இருந்தால் அது நீடித்த வகை என்றும், உறக்கத்தையோ படிப்பையோ அன்றாட வேலையையோ கெடுத்தால் மிதமானது முதல் கடுமையானது வரை என்றும் 2001இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் வெளியான வழிகாட்டி நெறிகள் வகுத்தன. உங்கள் மகள் நீடித்த, உறக்கத்தைக் கெடுக்கும் பிரிவில் வருகிறாள். இந்தப் பிரிவினருக்கு ஸ்பிரேதான் முதல் நிலை மருந்து. அதை நிறுத்தியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால் மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும், மூக்குச் சவ்வில் படியும் இந்தத் துளிகளும் ஒன்றல்ல. மொமெட்டாசோன், ஃபுளூட்டிகசோன் ஃபுரோயேட் போன்றவற்றில் 1 சதவீதம் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் இரத்தத்தில் கலக்கிறது. குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச அளவைப் பயன்படுத்தி, வளர்ச்சியை அவ்வப்போது அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். பலன் முதல் நாளில் தெரியாது. தினமும் தவறாமல் அடித்தால்தான் ஒன்றிரண்டு வாரங்களில் முழுப் பயன் கிடைக்கும். தும்மல் வரும் அன்றைக்கு மட்டும் அடிப்பது, நான்கு நாள் பார்த்துவிட்டு நிறுத்துவது ஆகிய இரண்டும் மருந்தை வீணாக்குவதே.

அடிக்கும் முறையை யாரேனும் உங்களுக்குக் காட்டினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது, ஏனென்றால் என் அறைக்கு வருபவர்களில் பலர் தலையை அண்ணாந்து வைத்து, இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுத் தண்டை நோக்கி அடித்து, பலமாக உறிஞ்சி, மருந்து முழுவதையும் தொண்டைக்குள் இறக்கிவிடுகிறார்கள். சரியான முறை இதுதான். மூக்கை மெதுவாகச் சிந்திவிட்டு, புட்டியைக் குலுக்கி, புதிய புட்டியானால் மென்மையான தூவல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்த வேண்டும். மடியிலிருக்கும் புத்தகத்தைப் படிப்பது போலத் தலையைச் சற்றுக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் பிடித்து, முனையை அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிக் கோணத்தை நோக்கிச் சாய்த்து அழுத்த வேண்டும். கை மாற்றிப் பிடித்தாலே முனை தானாக நடுத் தண்டை விட்டு விலகிவிடும். மூக்கில் இரத்தம் கசிவதும் குறையும். மூச்சை மென்மையாக உள்ளிழுத்தால் போதும். தொண்டையில் மருந்தின் சுவை தெரிந்தால் பலமாக உறிஞ்சியிருக்கிறாள் என்று பொருள்.

இனி உங்கள் கணவர். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் போன்றவை மூக்குச் சவ்வின் இரத்த நாளங்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் வழி திறக்கின்றன. ஆனால் அழற்சியை அவை தொடுவதேயில்லை. 3 முதல் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் குறைந்தவுடன் நாளங்கள் முன்னிலும் அதிகமாக விரிந்து, அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். அதை நோய் முற்றியதாக நினைத்து மறுபடி மருந்து விட, விடும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ஒரு முறை போதுமாக இருந்தது இப்போது நடு இரவிலும் தேவைப்படுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான் காட்டுகிறது. அவருக்கு இரத்த அழுத்தமும் இருப்பதால் இந்த மருந்து கூடுதல் கெடுதல் செய்யும். இரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில வகைகள் மூக்கடைப்பை உண்டாக்குவதுண்டு. எந்த மாத்திரை என்பதைப் பார்க்க வேண்டும், அவராக நிறுத்திவிடக் கூடாது.

சைனஸ் பற்றி: பாக்டீரியாவால் வரும் சைனஸ் அழற்சியில் முகத்தில் வலியோ கனமோ இருக்கும், கெட்டியான சளி வரும், முகர்வு குறையும்; 10 நாட்கள் கடந்தும் தணியாது, அல்லது தணிந்து வந்தது மறுபடி கடுமையாகும். அரிப்பும் அடுக்குத் தும்மலும் தண்ணீரான ஒழுக்கும் அதன் குணங்கள் அல்ல. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்குவதும் தவறு, வைரஸ் சளியிலும் அந்த நிறம் வரும். உங்கள் மகளுக்கு ஸ்கேன் எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. குழந்தைகளின் நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கினால் அது இருமலைக் கூடத் தூண்டாமல் தங்கி, ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. நம் பக்கத்தில் இதற்கு ஆளான கைக்குழந்தைகள் உண்டு. ஆவி பிடிப்பது சற்று நேரம் இதமாக இருக்கலாமே தவிர அழற்சியைக் குணப்படுத்தாது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனிய வைப்பதில் வெந்நீர் கொட்டும் ஆபத்து மிக அதிகம் என்பதால் நான் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. கற்பூரம் கலந்த தைலங்கள் குளிர்ச்சி உணர்வைத் தூண்டி மூச்சு சீராக வருவது போலத் தோன்றச் செய்கின்றன. அடைப்பின் அளவு மாறுவதில்லை. சிறு குழந்தைகள் கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மகளுக்கு இரவில் இருமல், ஓடி விளையாடும்போது மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம் ஏதேனும் உண்டா? மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப் பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூக்கழற்சியும் இருக்கிறது. மூக்கைக் கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமாவும் கட்டுக்குள் வருவதில்லை.

பதில் 2: மருந்தாளுநர், கடலூர்

மருத்துவர் சொன்னவற்றோடு, மருந்துக்கடைப் பக்கமிருந்து சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். உங்களிடம் உள்ள மாத்திரை அட்டையில் என்ன பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். குளோர்ஃபெனிரமின் இருந்தால் அது உறக்கத்தைக் கொண்டுவரும் பழைய வகை. வகுப்பில் குழந்தை மந்தமாக இருப்பாள், உங்கள் கணவர் ரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் அருகில் நிற்பவர் என்பதால் அவருக்கு அது உண்மையிலேயே அபாயம். லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் ஆகியவை மந்தம் குறைந்த புதிய வகைகள். செட்ரிசின் சிலருக்கு ஓரளவு உறக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாற்றுடன் விழுங்கினால் உடலில் சேர்வது குறையும், தண்ணீருடன்தான் விழுங்க வேண்டும்.

அட்டையில் மான்டெலுகாஸ்ட் என்ற பெயரும் சேர்ந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஊரில் லெவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்டும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை தாராளமாக விற்பனையாகிறது. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்ற மனநிலை மாற்றங்கள் அந்த மருந்தால் வரக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதற்கு விதித்தது. வேறு மருந்துகள் பயன் தராதபோது மட்டுமே ஒவ்வாமை மூக்கழற்சிக்கு இதை எடுக்கலாம் என்றும் கூறியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் குழந்தைக்கு இதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். அவளுடைய குணத்திலோ உறக்கத்திலோ மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்பிரே இருவருக்கும் எழுதப்பட்டால் தனித்தனிப் புட்டி வாங்குங்கள். ஒருவர் மூக்கில் வைத்த முனையை மற்றவர் வைத்தால் தொற்று பரவும்.

பதில் 3: லாஸ்பேட்டை இல்லத்தரசி, புதுச்சேரி

சகோதரி, தாயார் வீட்டுக் கோரைப் பாயில் படுத்தால் மகளுக்குத் தும்மல் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அந்த வரியில்தான் நின்றது. தூசிப் பூச்சி ஒவ்வாமை எனக்கும் உண்டு, பரிசோதனையில் உறுதியானது. இந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்வது. தண்ணீர் குடிக்கும் வாய்ப்பு அதற்கு இல்லாததால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வாடிப்போகும். நம் கடற்கரை ஊர்களிலோ பெரும்பாலான மாதங்களில் அது 70 சதவீதத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சொல்லவே வேண்டியதில்லை. உள்நாட்டு ஊரான விருத்தாசலத்தின் கோடைக்காற்று வறண்டது, பாயில் பூச்சி தங்க இடமும் இல்லை.

உங்கள் வீட்டு மெத்தை இலவம் பஞ்சா? அப்படியானால் அதன் ஓரத் தையலை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். துணிக்கும் நூலுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு தூசி படிந்திருக்கும். விரலால் தட்டினால் புகை போல எழும். குழந்தை முகம் புதைத்துப் படுப்பது அதன் மேல்தான். வெயிலில் போட்டால் பூச்சி பெருமளவு செத்துவிடும். ஆனால் அதன் கழிவு அப்படியே இருக்கும், அந்தக் கழிவுதான் தும்மலைத் தூண்டுவது. ஆகவே வெயிலில் காய வைத்து, குழந்தை இல்லாத நேரத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு வேறொருவர் தட்ட வேண்டும். நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறையை மெத்தைக்கும் தலையணைக்கும் முழுவதுமாகப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. விரிப்பையும் உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் ஊற வைத்துத் துவைக்க வேண்டும். சலவை இயந்திரத்தில் அந்தச் சூடு வராவிட்டால் அடுப்பில் காய்ச்சி வாளியில் ஊற்றிக்கொள்ளலாம். பஞ்சு பொம்மைகள் இருந்தால் ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துப் பின் துவைக்கலாம். செலவில்லாத வழி வேண்டுமானால் மகளுக்கும் கோரைப் பாயையே கொடுத்துவிடுங்கள், வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள்.

சுவரிலுள்ள பூசணத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து மூடுவதில் பயனில்லை, அது மறுபடி பூக்கும். ஓதம் எந்த வழியாக ஏறுகிறது என்று கொத்தனாரை வைத்துப் பார்த்து, பூச்சைக் கொத்தி, நன்றாகக் காயவிட்டுப் பிறகுதான் புதிதாகப் பூச வேண்டும். அந்த வேலை முடியும்வரை மகளை வேறு அறையில் படுக்க வைப்பது நல்லது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை இரண்டும் இப்படிப்பட்ட மூக்குக்கு ஆகாது, கொசுவலை கட்டுங்கள். போகிக்குப் பரணை ஒழிக்கும் நாளில் மகள் உறவினர் வீட்டில் இருக்கட்டும். துடைப்பத்தால் பெருக்குவதற்கு முன் தரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் தூசி எழும்பாது, மின்விசிறி இறக்கைகளையும் மறக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் மருந்தை விட முடிந்ததா என்றால், எனக்கு முழுவதும் முடியவில்லை, குறைக்க முடிந்தது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

பதில் 4: தென்பெண்ணைக்கரை, கடலூர் (கேட்டவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளுக்கு மூச்சிரைப்பு இல்லை, இருமலும் இல்லை. மாத்திரை அட்டையில் மான்டெலுகாஸ்ட் இருக்கத்தான் செய்கிறது. நிறுத்திவிட்டு, ஸ்பிரேயைச் சொன்ன முறையில் மறுபடி தொடங்கியிருக்கிறோம். மெத்தையின் தையலையும் பார்த்தேன். அந்தச் சகோதரி எழுதியபடியே இருந்தது.

கணவர் சொட்டு மருந்தை விட்டுவிடுவதாகச் சொல்லி ஓர் இரவு படுத்தார், மூச்சு முட்டி உட்கார்ந்தே விடிந்தது. அவருக்கு எப்படி நிறுத்துவது? மேலும், நான் முன்பு எழுதாத ஒன்றையும் கேட்டபோது சொன்னார்: மூக்கைச் சிந்தும்போது சில நாட்களாக வலப்பக்கம் மட்டும் இரத்தக் கீற்று வருகிறதாம். இது கவலைப்பட வேண்டியதா? உப்புநீரால் மூக்கைக் கழுவும் ஜலநேத்தி செய்யலாம் என்று அண்டை வீட்டார் சொல்கிறார்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் மரக்காணம் கல்லுப்பைப் போட்டுச் செய்யலாமா?

பதில் 5: காது மூக்கு தொண்டை மருத்துவர், புதுச்சேரி

அம்மா, இரத்தத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். சொட்டு மருந்தை நெடுநாள் விட்டவர்களுக்குச் சவ்வு வறண்டு கசிவது சாதாரணம், நடுத் தண்டு வளைந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் கசிவதும் உண்டு. ஆனாலும் ஒரு பக்கத்து அடைப்பு, ஒரு பக்கத்து இரத்தம் என்றால் உள்ளே குழாய்க் கருவி செலுத்திப் பார்க்காமல் நாங்கள் எவரையும் அனுப்புவதில்லை. உங்கள் கணவர் விஷயத்தில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது: மரத்தூள் மூக்கு, சைனஸ் பகுதிகளில் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. அந்த நோய் அரிதானது, அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த வாரமே காட்டிவிடுங்கள். பட்டறையில் இழைக்கும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. பட்டறை மூடியிருக்கும் நாட்களில் அடைப்பு குறைகிறதா என்றும் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். குறைந்தால் தொழிலிலிருந்து வரும் மூக்கழற்சியும் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இதே கண்டிப்பு வேறு சிலவற்றுக்கும் உண்டு. குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் புளியங்கொட்டையோ பட்டாணியோ உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனியும்போது ஒரு பக்கம் மட்டும் தெளிந்த நீர் சொட்டினால், குறிப்பாகத் தலையில் அடிபட்டவர்களுக்கு, அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு முகவலி, கண் வீக்கம், மூக்கில் கருமையான பொருக்கு வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; 2021இல் கறுப்புப் பூஞ்சை எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை நாம் பார்த்தோம். குளத்தில் குளிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு மூக்கினுள் ஸ்ட்ராபெர்ரிப் பழம் போன்ற, தொட்டால் இரத்தம் கசியும் சதை வளர்வது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணப்படும் ஒரு தொற்று. அதற்கு அறுவைதான் வழி.

சொட்டு மருந்தை நிறுத்துவது: ஓர் இரவில் இரு பக்கமும் நிறுத்துவது பலருக்குத் தாங்காது. மருத்துவரிடம் காட்டி ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரு பக்கமும் தொடங்கி, சில நாட்கள் கழித்து ஒரு துவாரத்தில் மட்டும் சொட்டு மருந்தை நிறுத்தலாம். மற்றொரு துவாரத்தின் வழியாக உறங்க முடியும். நிறுத்திய பக்கம் தானாகத் திறக்கத் தொடங்கியதும் அடுத்ததையும் நிறுத்திவிடலாம். பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் சவ்வு தேறிவிடுகிறது. அந்த நாட்களில் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பதும், படுக்கும் முன் உப்புநீரால் கழுவுவதும் உதவும். அடைப்பு நீங்கியும் குறட்டை நிற்காமல், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அதற்குத் தனியே பரிசோதனை வேண்டும்.

உப்புநீர்க் கழுவல் நல்லதே; இருவருக்கும் பயன்படும். ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே ஒருபோதும் மூக்கில் விடக் கூடாது. நெக்ளேரியா என்ற அமீபா மூக்கின் வழியாக மூளைக்குள் ஏறினால் காப்பாற்றுவது மிக அரிது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2024இலும் அமீபா மூளைத் தொற்றால் சிறுவர்கள் இறந்திருக்கிறார்கள். குமிழியிட்டுக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமாவது வைத்து, மூடி ஆறவிட்ட தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது உடலின் உப்பளவு. கல்லுப்பில் மண்ணும் பிற கலப்பும் இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் அளவிட்ட உப்புப் பொட்டலமே பாதுகாப்பானது. கழுவும் குடுவையைத் தினமும் கழுவிக் காய வையுங்கள். கழுவி முடித்துச் சற்று நேரம் கழித்து ஸ்பிரே அடித்தால் மருந்து நேராகச் சவ்வில் படியும்.

ஒவ்வாமைப் பரிசோதனை பற்றிய கேள்வி நின்றுவிட்டது. ஸ்பிரேயும் படுக்கை மாற்றமும் சேர்ந்து இரண்டு மூன்று மாதங்களில் மகளைத் தேற்றிவிட்டால் பரிசோதனை அவசரமில்லை. தேறாவிட்டால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்யலாம். முன்கையில் தூசிப் பூச்சி, கரப்பான், பூஞ்சை, பார்த்தீனியம், வேலிகாத்தான், சவுக்கு மகரந்தம் முதலியவற்றின் துளிகளை வைத்து மெல்லக் குத்தினால் 15 முதல் 20 நிமிடங்களில் தடிப்பு தெரிந்துவிடும். நீங்கள் சொல்லும் குறிகளோடு அந்த முடிவு ஒத்துப்போனால், அதே பொருளைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் புல் மகரந்தத்தைக் கொண்டு தொடங்கி வைத்த முறை அது. ஊசியாகவோ நாக்கின் அடியில் வைக்கும் துளியாகவோ 3 முதல் 5 ஆண்டுகள் தொடர வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும் என்பதால், அதற்குரிய வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்துகொள்ளுங்கள். உணவு ஒவ்வாமை என்று நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு இரத்தத்தில் ஐஜிஜி என்ற வேறொரு வகை எதிர்ப்புரதத்தை அளந்து தரும் பட்டியல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், அவை ஒவ்வாமையைக் காட்டுவதில்லை.

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை என்று உங்களுக்கு எட்டும் தொலைவில் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் இருக்கின்றன. போகும்போது கணவரின் சொட்டு மருந்துப் புட்டியையும் இரத்த அழுத்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மகளுக்குத் தோல் பரிசோதனை என்று நாள் குறித்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பு எழும்பாது. மூக்கு ஸ்பிரேயை மட்டும் அந்த நாட்களிலும் விடாமல் தொடரலாம்.